வாயில் எதையும் ஊற்றாதீர்கள்: குதிரை வளர்ப்போர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து, அதுவும் குதிரையைப் பற்றியே வந்திருக்கின்றன. எல்கைப் பந்தயத்துக்கு வளர்ப்பவர்கள், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுபவர்கள், ஆசைக்கு ஒன்று வாங்கிக் கட்டியிருப்பவர்கள் என்று எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். சந்தோஷம்.

பதிலுக்குப் போகும் முன் ஒரு விஷயம். "என்ன மருந்து கொடுக்கலாம்?" என்று கேட்ட கடிதங்களில் ஒன்றில்கூட காய்ச்சல் எவ்வளவு, நாடி எவ்வளவு என்று எழுதவில்லை. மெடிக்கலில் நமக்கு விற்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும், அதன் முனையில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். வளர்ந்த குதிரைக்கு 99 முதல் 101.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கலாம். நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. நாடி பார்க்க, கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்து மெல்ல உருட்டினால் சணல் கயிறு மாதிரி ஒன்று வழுக்கும், அதை எலும்போடு சேர்த்து லேசாக அழுத்தினால் துடிப்பு தெரியும், 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கிக்கொள்ளுங்கள். குதிரை நன்றாக இருக்கும்போதே ஒரு வாரம் இதைப் பார்த்து எழுதி வைத்தால்தான், அது நன்றாக இல்லாத அன்றைக்கு உங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

கேள்வி: போன மாதம் ராத்திரி எங்கள் குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, காலால் தரையைச் சுரண்டியது, படுத்துப் புரண்டது. வீட்டுப் பெரியவர்கள் சொல்லி நல்லெண்ணெயில் பெருங்காயமும் ஓமமும் கலந்து மூங்கில் குழாயில் ஊற்றினோம். காலையில் சரியாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து இருமல். ஏன்?
(பந்தயக் குதிரை வைத்திருப்பவர், கோட்டையூர்)

முதலில் உங்கள் குதிரையை நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். நீங்கள் ஊற்றிய எண்ணெயில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போயிருக்க வாய்ப்பு நிறைய. வலியில் இருக்கிற குதிரையின் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது அது சரியாக விழுங்காது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அதனால் வருகிற நிமோனியா, வயிற்று வலியைவிடப் பொல்லாதது. மாட்டுக்கு ஊற்றுகிறோமே என்பீர்கள். மாட்டுக்கும் கவனமாகத்தான் ஊற்ற வேண்டும், ஆனால் குதிரையின் உடம்பே வேறு. குதிரை அசை போடாது, நாலு அறை வயிறு கிடையாது, அப்புறம் முக்கியமாக, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது வெளியே வர ஒரே வழிதான். ஏற்கெனவே காற்றும் நீரும் நிரம்பி உப்பியிருக்கிற இரைப்பையில் மேலும் ஊற்றினால் அது கிழிந்துபோகக்கூட இடமுண்டு. டாக்டர் எண்ணெய் கொடுப்பதாக இருந்தாலும் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு, உள்ளே தேங்கியிருப்பதை முதலில் வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

சரி, டாக்டர் வரும்வரை என்ன செய்வது? தீனி முழுவதையும் எடுத்துவிடுங்கள், ஒரு பிடி புல்கூட வேண்டாம். லத்தி போட்டதா, கடைசியாக எப்போது போட்டது என்று பாருங்கள். விலாவின் இரண்டு பக்கமும் காதை வைத்துக் கேளுங்கள், நல்ல குதிரைக்கு உள்ளே ஓயாமல் கடமுட சத்தம் இருக்கும், வலியோடு இருக்கிற குதிரைக்குச் சத்தமே இல்லையென்றால் அது கெட்ட அடையாளம். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா என்று பாருங்கள். நாடி 60-ஐத் தாண்டி அப்படியே நின்றால், வியர்த்துக் கொட்டினால், ஈறு செங்கல் நிறத்துக்கோ ஊதா நிறத்துக்கோ மாறினால் காலை வரை காத்திருக்கக் கூடாது, குடல் முறுக்கிக்கொண்ட குதிரைக்குச் சில மணி நேரம்தான் இருக்கும். புரண்டு அடிபடாமல் இருக்க மெதுவாக நடத்தலாம், விடிய விடிய இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதில்லை, அமைதியாகப் படுத்திருந்தால் விட்டுவிடுங்கள். போன தடவை மிச்சமான வலி ஊசியை நீங்களே போடாதீர்கள். வலி அடங்கினால் குதிரை தேறியதாக நினைப்போம், உள்ளே குடல் செத்துக்கொண்டிருக்கும். அதிலும் டைக்ளோஃபினாக் கால்நடைகளுக்கு வேண்டவே வேண்டாம், அது போட்ட மாட்டின் பிணத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததால் 2006-இலேயே தடை செய்த மருந்து அது.

இனி வராமல் இருக்க: நம் பக்கத்தில் மாட்டுக்குப் போடுகிற வைக்கோலையே குதிரைக்கும் போட்டுவிட்டு, கோடையில் ஒரு வாளித் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முரட்டு வைக்கோலும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்தால், பெருங்குடல் மடங்கித் திரும்புகிற குறுகலான இடத்தில் தீனி அடைத்துக்கொள்ளும். 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குக் காய்ந்த கணக்கில் 6 முதல் 8 கிலோ புல்லும், 25 முதல் 40 லிட்டர் தண்ணீரும் வேண்டும், சித்திரை வைகாசியில் இன்னும் கூடுதலாக. அடுத்து, தீனியைச் செம்மண் தரையில் கொட்டாதீர்கள். ஒவ்வொரு வாய்க்கும் மண் போகும், அது வெளியே வராமல் குடலில் தங்கும். சந்தேகம் இருந்தால் நாலைந்து உருண்டை லத்தியைக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கலக்கி அரை மணி வையுங்கள், அடியில் மண் படிவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

கேள்வி: கல்யாண சீசனில் எங்கள் வெள்ளைக் குதிரை தொடர்ந்து மூன்று மாப்பிள்ளை அழைப்புக்குப் போய் வந்தது. மறுநாள் முன்னங்கால்களை முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. நடக்க மறுக்கிறது. அதிகம் நடந்த களைப்பா?
(கானாடுகாத்தான் வாசகர்)

களைப்பு இல்லை. அது குளம்புக்குள் வருகிற அழற்சி, லேமினைட்டிஸ் என்பார்கள். குளம்பின் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைத்திருக்கிற மெல்லிய அடுக்குகள் வீங்கிப் பிரிய ஆரம்பிக்கின்றன. முற்றினால் எலும்பு கீழே திரும்பி உள்ளங்குளம்பைக் குத்திக்கொண்டு வந்துவிடும்.

காரணம் கல்யாண வீட்டில்தான் இருக்கும். ஒரு பெரிய வீட்டு முகப்பில் மாப்பிள்ளைக்காகக் காத்து நின்ற குதிரைக்குப் பிள்ளைகள் வரிசை கட்டி ஊட்டுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், சர்க்கரைப் பொங்கல், லட்டு, வாழைப்பழம், இலையில் மிஞ்சிய சோறு, எல்லாமே பிரியத்தில் கொடுப்பதுதான், அது வேண்டாம் என்று சொல்லவா போகிறது? ஒரே நேரத்தில் அவ்வளவு மாவுச்சத்து போனால் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கிப் புளிக்கும், அங்கே இருக்கிற நல்ல நுண்ணுயிர்கள் சாகும், அதில் உண்டாகும் நஞ்சு ரத்தத்தில் கலந்து கடைசியில் போய்த் தாக்குகிற இடம் குளம்பு. ஆகவே வயிற்றில் நடந்த தப்புக்குக் கால் நோகிறது.

குளம்புக்கு மேலே, கணுக்காலின் பின்பக்கம் இரு ஓரத்திலும் விரல் வைத்துப் பாருங்கள். நல்ல நாளில் அங்கே துடிப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், இப்போது திம் திம் என்று அடிக்கும், குளம்பைத் தொட்டால் சூடு தெரியும். உடனே தானியம் முழுவதையும் நிறுத்துங்கள். வாளியில் ஐஸ் தண்ணீர் நிரப்பி முன்னங்கால்களை அதில் நிறுத்துங்கள், ஐஸ் கரையக் கரையப் போட்டு இரண்டு மூன்று நாள் விடாமல் செய்ய வேண்டும், அப்போதுதான் பலன். தரையில் ஆழமாக மணல் கொட்டி அதில் நிற்க விடுங்கள். நடத்தவே கூடாது. டாக்டர் இன்றைக்கே வரட்டும். அடுத்த சீசனில் குதிரையோடு போகிற ஆளிடம் ஒரு மூட்டை அறுகம்புல் கொடுத்து அனுப்பி, பிள்ளைகள் ஊட்ட ஆசைப்பட்டால் அந்தப் புல்லை ஊட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கருவேல முள் குளம்பில் ஏறிவிட்டது. பிடுங்கி எடுத்து மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியிருக்கிறோம். இப்போது நன்றாக நடக்கிறது. ஊசி அவசியமா?
(தேவகோட்டை வாசகர்)

அவசியம், இன்றைக்கே. வீட்டு விலங்குகளில் ரண ஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, குதிரையைப் போல எளிதில் ஆட்படுவது வேறு இல்லை. அந்தக் கிருமி மண்ணிலும் லத்தியிலும் எப்போதும் இருக்கிறது, காற்றுப் போகாத ஆழமான சின்ன ஓட்டையில்தான் வளர்கிறது, முள் குத்திய இடம் சரியாக அப்படிப்பட்டது. மேலே சுண்ணாம்பை அப்பி அடைத்தால் கிருமிக்கு இன்னும் வசதி. தடுப்பூசியே போடாத குதிரை என்றால் நச்சுமுறி ஊசியும் தடுப்பூசியும் சேர்த்துப் போட வேண்டியிருக்கும், பிறகு நாலு முதல் ஆறு வாரத்தில் இரண்டாவது தடுப்பூசி, அதன் பின் வருடம் ஒன்று. அதற்கு ஆகிற செலவு பெரிதாக இருக்காது, ஆனால் ஜன்னி வந்துவிட்டால் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை.

குத்தி ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூட வரலாம். தினமும் ஒன்று பாருங்கள்: தாடைக்குக் கீழே லேசாகத் தட்டித் தலையை உயர்த்தினால், கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு ஒன்று சட்டென்று விழியின் குறுக்கே வந்து போகிறதா? வால் தூக்கி நிற்கிறதா, நடை விறைக்கிறதா, தீனியை மென்று தின்னச் சிரமப்படுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் இருட்டான, சத்தமில்லாத இடத்தில் கட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அடுத்த தடவை ஆணியோ முள்ளோ குளம்பில் ஆழமாக ஏறியிருந்தால், முடிந்தவரை டாக்டர் பார்க்கும் வரை பிடுங்காதீர்கள். அது எந்தப் பக்கம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை அது இருக்கும்போதுதான் பார்க்க முடியும், உள்ளே மூட்டோ தசைநாரோ தொடப்பட்டிருந்தால் மருத்துவமே வேறு. பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை என்றால் இடத்தைப் பேனாவால் குறித்து, போட்டோ எடுத்து வையுங்கள். மற்ற காயங்களுக்கு, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி இரண்டு டீஸ்பூன் உப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். முழங்காலுக்குக் கீழே ஏற்படுகிற காயம் மிகைச்சதை வளர்ந்து மூடாமலே இழுத்தடிக்கும், ஆகவே தைக்க வேண்டியதை ஆறு எட்டு மணி நேரத்துக்குள் தைத்துவிட வேண்டும்.

கேள்வி: பந்தயம் முடிந்ததும் குதிரைக்குத் தண்ணீர் காட்டினால் நெஞ்சடைத்துச் செத்துவிடும் என்று எங்கள் சாரதி ஒரு மணி நேரம் தண்ணீர் கொடுக்க விடமாட்டார். உண்மையா?
(பள்ளத்தூர் வாசகர்)

இல்லை. அந்த நம்பிக்கையால் செத்த குதிரைகள்தான் அதிகம் இருக்கும். வெயிலில் தார் ரோட்டில் ஓடி வந்த குதிரை வியர்வையில் லிட்டர் கணக்கில் நீரையும் உப்பையும் இழந்திருக்கிறது. வண்டியை அவிழ்த்ததும் சில மடக்கு, நாலடி நடத்தி மறுபடி சில மடக்கு என்று குடிக்க விடுங்கள். தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், 104-ஐத் தாண்டியிருந்தால் நிழலில் நிறுத்தி உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை விடாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு டீ குடிக்கப் போய்விடக் கூடாது, சாக்கு சூடேறி உள்வெப்பத்தை வெளியே விடாது. மூச்சு வாங்கியும் வியர்வையே வராத குதிரை இருந்தால் அது தனி நோய், நம்மூர்ப் புழுக்கத்தில் வருவதுதான், அந்தக் குதிரையைக் கோடையில் ஓட்டாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். ஓட்டத்துக்குப் பிறகு பின்பக்கத் தசை கல்லாகி, நடக்க முடியாமல், காப்பி நிறத்தில் சிறுநீர் போனால் தசை சிதைகிறது என்று அர்த்தம். ஒரு அடிகூட நடத்தாதீர்கள், நின்ற இடத்துக்கு டாக்டரை வரவழையுங்கள், சிறுநீரகம் கெட்டுவிடும். பெரும்பாலும் இது சும்மா கட்டிப்போட்ட நாட்களிலும் பந்தய நாள் அளவுக்கே கொள்ளும் கடலையும் வைத்துவிட்டு, திடீரென்று ஓட்டுவதால் வருவது. ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

கேள்வி: அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் ஒரு குதிரை வாங்கப் போகிறேன். என்ன பார்த்து வாங்க வேண்டும்?
(புதுவயல் வாசகர்)

சுழி பார்ப்பதற்கு ஆள் இருக்கும், நான் மூக்கைப் பார்க்கச் சொல்கிறேன். மூக்கில் சளி, தாடைக்கடியில் கட்டி, தோலில் வரிசையாக முடிச்சுகள் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். தாடைக் கட்டி மட்டும் என்றால் பெரும்பாலும் ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொற்றுநோய், வைத்தியம் உண்டு, ஆனால் லாயத்தில் இருக்கிற அத்தனைக்கும் பரவும். மூக்குச் சளியும் தோல் முடிச்சுமாக வருகிற கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் என்றால் கதை வேறு. அது மனிதருக்கும் தொற்றும், உயிரையே எடுக்கும். 2009-ஆம் வருடத்து கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், நோய் உறுதியான குதிரைக்கு வைத்தியம் கிடையாது, அழித்துவிடுவார்கள். ரத்த மாதிரி ஹரியானாவில் ஹிசாரில் இருக்கிற தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் வரை போகும். வெளி மாநிலத்திலிருந்து வந்த குதிரை என்றால் அந்தப் பரிசோதனைச் சான்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

வாங்கி வந்ததும் மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள், வாளி, பிரஷ், கடிவாளம் எல்லாம் தனி. அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து கண்மாய் ஊருணி நிறைந்து பெரிய கடி ஈக்கள் கிளம்பும்போது, விட்டு விட்டுக் காய்ச்சல் வந்து, நன்றாகத் தின்றும் இளைத்து, அடிவயிறும் காலும் வீங்கினால் அந்த ஈக்கள் பரப்புகிற சர்ரா நோயாக இருக்கலாம். காய்ச்சல் இருக்கிற நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

கேள்வி: குதிரையின் முகம் இரண்டு பக்கமும் எலும்பு புடைத்தாற்போல் வீங்குகிறது. ஒரு நாள் ஒரு காலும் மறுநாள் வேறு காலும் நொண்டுகிறது. தவிடும் நேப்பியர் புல்லும் தாராளமாகத்தான் கொடுக்கிறோம்.
(கண்டனூர் வாசகர்)

அந்தத் தாராளம்தான் காரணமாக இருக்கும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், நேப்பியரில் இருக்கிற ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து எடுக்கிறது, முக எலும்பு கரைந்து அங்கே நார் வளர்கிறது. தவிட்டை நிறுத்துங்கள், நேப்பியருக்குப் பதில் அறுகம்புல், காய்ந்த குதிரைமசால் கொடுங்கள், கால்சியம் எவ்வளவு என்று டாக்டர் சொல்வார். நொண்டல் சில மாதங்களில் குறையும், முகப் புடைப்பு முழுவதும் போகாமல் இருக்கலாம்.

கேள்வி: கண்ணை மூடிக்கொண்டு நீர் வடிக்கிறது. வீட்டில் மனிதருக்கு வாங்கிய சொட்டு மருந்து இருக்கிறது, விடலாமா?
(அரியக்குடி வாசகி)

வேண்டாம். முள் கீறியிருந்தால் கருவிழியில் புண் இருக்கும், ஸ்டீராய்டு கலந்த சொட்டு ஒன்றிரண்டு நாளிலேயே கண்ணைக் கரைத்துவிடும். குதிரைக் கண் எப்போதும் அவசரக் கேஸ். இருட்டில் கட்டி, இன்றைக்கே காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் ஐயா காலத்துக்குப் பிறகு இப்போதுதான் வீட்டில் குதிரை. அதுவும் சினையாக இருக்கிறது. எனக்கு மாடு தெரியும், குதிரைப் பிரசவம் தெரியாது.
(காரைக்குடி ஆச்சி ஒருவர்)

ஆச்சி, சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். ஈனுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் முன்பே தாய்க்கு டெட்டனஸ் ஊசி போட்டுவிடுங்கள், சீம்பால் வழியாகக் குட்டிக்கும் அந்தப் பாதுகாப்பு போகும். பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும், பனிக்குடம் உடைந்தால் அரை மணிக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும், மாடு மாதிரி மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. முதலில் தெரிய வேண்டியது வெளிறிய வெள்ளைச் சவ்வு. அதற்குப் பதில் சிவப்பு வெல்வெட் போன்ற பை வெளியே வந்தால் யாருக்கும் காத்திராமல் உடனே கிழித்துக் குட்டியை இழுக்க வேண்டும், உள்ளே அதற்கு மூச்சு இல்லை. பிறந்து ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணியில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். எது தாமதமானாலும் 1962-க்குப் போன் செய்து கால்நடை ஆம்புலன்ஸைக் கேளுங்கள். நஞ்சுக்கொடியைப் பிடித்து இழுக்கவோ, கல் கட்டித் தொங்கவிடவோ கூடாது. சிக்கல் என்று முன்பே தெரிந்தால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம், இப்போதே ஒரு தடவை பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோழிப்பண்ணையில் தீவனம் மிஞ்சுகிறது. சத்துதானே, குதிரைக்குக் கலந்து வைக்கலாமா?
(கீழச்சிவல்பட்டி வாசகர்)

கலக்கவே கூடாது. கோழிகளுக்கு ரத்தக்கழிச்சல் வராமல் இருக்க அதில் மோனென்சின் போன்ற மருந்து சேர்த்திருப்பார்கள். கோழிக்கு ஒன்றும் செய்யாத அளவு குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும், மாற்று மருந்து கிடையாது. ஏற்கெனவே ஒரு வாய் தின்றிருந்தாலும் ஓட்டாமல் கட்டிவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். மூட்டைகள் லாயத்துக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தால் இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றிப் பூட்டுங்கள், ராத்திரி கயிறு அவிழ்ந்தால் குதிரை நேராக அங்கேதான் போகும்.